ஒரு கசிவு, மூன்று வழிகள்: 80 வரிசை லேண்ட் குரூசரின் முன் நக்கிளை என்ன செய்வது?

முன்சக்கரத்தைத் தாங்கி, அதை இடமும் வலமும் திருப்பும் மூட்டுறைதான் நக்கிள். அதிலிருந்து கிரீஸ் ஒழுகத் தொடங்கினால், அதன் மேற்புறத்தில் இருக்கும் சதுரத் தலை அடைப்பானைத் திறந்து, ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பதுதான் இந்தத் தீர்மானத்தின் முதல் வேலை. கம்பியில் ஒட்டி வருவது கறுப்பு மையைப் போலக் கெட்டியாக இருந்தால் ஒரு வழி. ரசத்தைப் போலச் சொட்டினால் வேறு வழி. இதைப் பார்க்காமலேயே "சீல் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டு ஒப்புக்கொள்கிறவர்கள், ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேர்கிறது. நானும் அப்படிக் கொடுத்தவன்தான்.

டொயோட்டாவின் 80 வரிசை லேண்ட் குரூசர் 1990இல் சந்தைக்கு வந்தது. 1998இல் 100 வரிசை அதன் இடத்தைப் பிடித்தது. புதிய வரிசையின் பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் அமைப்புக்கு மாறிவிட்டன. 80 வரிசையில் முன்னாலும் ஒரே திண்மையான ஆக்சில்தான். வளைகுடா நாடுகளில் பாலைவனத்துக்கும் வாடிக்கும் (மழைநீர் ஓடும் பள்ளத்தாக்குக்கும்) இந்த வண்டியை இன்றும் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த தமிழரும் மலையாளிகளும் இருக்கிறார்கள். பழைய மகிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் இருப்பது இதே மூடிய வகை நக்கிள்தான் என்பதால், அளவுகளும் உள்ளே இருக்கும் மூட்டும் வேறுபட்டாலும், கீழே சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பகுதி ஊரில் அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சில் குழாயின் இரு முனைகளிலும் உள்ளீடற்ற எஃகுக் கோளம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோளத்தை வெளிப்புறத்திலிருந்து தழுவியபடி நக்கிள் உட்கார்ந்து, மேலும் கீழும் உள்ள இரண்டு கூம்பு உருளை பேரிங்குகளின் மேல் இடமும் வலமும் திரும்புகிறது. நம் மெக்கானிக்குகள் இவற்றைக் கிங்பின் பேரிங் என்பார்கள். கோளத்துக்குள், கிரீஸில் மூழ்கியபடி, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் பர்ஃபீல்ட் வகை சிவி ஜாயின்ட் இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் இந்தக் கிரீஸோடு கலந்துவிடாமல் தடுப்பது குழாயின் வாயில் இருக்கும் உள் ஆக்சில் சீல். கோளத்தின் வெளிப்பரப்பைத் துடைத்து, கிரீஸ் வெளியே போகாமலும் மணல் உள்ளே வராமலும் காப்பது ரப்பரும் ஃபெல்ட் துணியும் (கம்பளி நாரை அழுத்திச் செய்தது) சேர்ந்த வைப்பர் சீல். இந்த இரண்டு சீல்களில் எது போயிற்று, ஏன் போயிற்று என்பதைப் பிரித்து அறிவதில்தான் எல்லாத் தீர்மானமும் அடங்கியிருக்கிறது.

கோளத்தின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது கசிவு ஆகாது; வைப்பர் சீல் அப்படித்தான் வேலை செய்யும். சக்கரத்தின் உட்புறம் வரை தெறித்து, தரையில் சொட்டு விழுந்தால்தான் கவலை. அப்போதும் அடைப்பானுக்குள் கிரீஸ் கிரீஸாகவே இருந்தால் வைப்பர் சீல் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நீர்த்துப்போய் கியர் ஆயில் வாடை அடித்தால் உள் சீல் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால் ஏதோ ஒரு வாடியில் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தக் கிரீஸோடு இன்னும் சில மாதங்கள் ஓட்டினால் பேரிங்குகளில் துரு குழி பறித்துவிடும்.

அடுத்த சோதனைக்கு இன்னொருவர் துணை வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் அது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் பேரிங்கில் இருக்கிறது. மறையாமல் அப்படியே இருந்தால் கிங்பின் பேரிங்கில். மூன்றாவது, ஒரு திறந்த வெளியில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடிப்பது. டிக் டிக் என்று தாளம் போட்டால் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் செய்ய அரை மணி நேரம் போதும்.

இப்போது வழிகளைப் பார்க்கலாம். முதலாவது, வைப்பர் சீலை மட்டும் மாற்றி, புதுக் கிரீஸ் அடைப்பது. இதிலும் இரண்டு விதம் உண்டு. ரப்பர் வளையத்தையும் ஃபெல்ட் துணி வளையத்தையும் முழுதாக மாட்ட வேண்டுமென்றால் நக்கிளைக் கழற்றியே ஆக வேண்டும். அதைத் தவிர்க்க, வளையத்தைப் பிளேடால் ஓரிடத்தில் அறுத்து, கோளத்தைச் சுற்றிப் போட்டு, பிடிப்புத் தகடுகளை வைத்து இறுக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அறுத்த வாயை மேல்பக்கம் வரும்படி வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். கிரீஸ் கெட்டியாக இருக்கிறது, ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, ஆறு மாதத்தில் வண்டியை விற்கப்போகிறேன் அல்லது வரும் குளிர்காலத்தில் முழு வேலையைச் செய்யப்போகிறேன் என்பவருக்கு இது நியாயமான தள்ளிவைப்பு. ஆனால் உள்ளே ரசமாகிவிட்ட நக்கிளுக்கு வெளிச்சீலை மாற்றுவது, ஓட்டைக் குடத்தின் வெளிப்புறத்தை மெழுகுவதுதான். டிஃபரன்ஷியலிலிருந்து ஆயில் வந்துகொண்டே இருக்கும். அங்கே அளவு குறைந்துகொண்டே போகும். அது சில சமயம் ஹப்பைத் தாங்கும் ஸ்பிண்டில் தண்டைத் தாண்டி ஹப்புக்குள் போய், பிரேக் பேட் வரைக்கும் எட்டிவிடும்.

இரண்டாவது வழி, நக்கிளை முழுவதுமாகப் பிரித்துக் கட்டுவது. இரு பக்கமும் உள் சீல், வைப்பர் சீல், கிங்பின் பேரிங்குகள், ஹப் பேரிங்குகள், கேஸ்கெட்டுகள் எல்லாம் புதிதாகப் போடும் வேலை. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இது பார்ப்பதற்குச் சுத்தியலும் கிரீஸும் கலந்த முரட்டு வேலையாகத் தெரிந்தாலும், இதன் உயிர் மயிரிழை தடிமனுள்ள ஷிம் தகடுகளில் இருக்கிறது.

என் வண்டியில் முதல் முறை இந்த வேலை நடந்தபோது நான் அதை அறிந்திருக்கவில்லை. ஒரு பட்டறையில் விட்டேன். இரு பக்கத்து சீல்களையும் மாற்றினார்கள், கூலியும் நியாயமாகத்தான் வாங்கினார்கள். ஐந்து மாதத்தில் வலப்பக்கம் மறுபடியும் ஒழுகியது. நானே அதைத் திறந்தபோது உள் சீலின் உதடு ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் அன்று மாட்டியதுபோல் இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் எடுத்த புகைப்படம் ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரு சக்கரங்களின் ஷிம்களும் துடைக்கப்பட்டு ஒரே டப்பாவில் கிடந்தன.

அந்த ஷிம்களுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, கிங்பின் பேரிங்குகள் ஆடாதபடி வேண்டிய அளவு இறுக்கும் முன்னழுத்தத்தைத் தருவது. மற்றொன்று, நக்கிளை மேலும் கீழும் சரியான உயரத்தில் நிறுத்தி, சிவி ஜாயின்டும் அதன் தண்டும் ஆக்சில் குழாயின் நட்டநடு மையத்தில் சுழலும்படி செய்வது. மையம் தவறினால் தண்டு உள் சீலின் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டும் மறுபக்கத்தை விட்டுக்கொண்டும் ஓடும். உலகின் மிகச் சிறந்த சீலும் அதைத் தாங்காது. டொயோட்டா இந்த மையத்தை அளக்கத் தனிக் கருவி ஒன்றையே வைத்திருக்கிறது; அது எல்லாப் பட்டறையிலும் இருப்பதில்லை. இல்லாதபோது நம் கையில் உள்ள ஒரே பாதுகாப்பு, கழற்றிய ஷிம்கள் எந்தச் சக்கரத்தின் மேல் மூடியோடு, எதன் கீழ் மூடியோடு இருந்தவை என்று சீட்டு எழுதிக் கட்டி, அங்கேயே திரும்பப் போடுவது. பேரிங்குகளையும் முதலில் இருந்த அதே தரத்தில் வாங்கினால், பழைய ஷிம்கள் பெரும்பாலும் அளவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிடும்.

அளவுக்குள் இருக்கிறதா என்பதை அறிய ஒரு வில் தராசு போதும். மீன் சந்தையில் தொங்கவிடுவார்களே, அதேதான். சிவி ஜாயின்டையும் வைப்பர் சீலையும் போடுவதற்கு முன், நக்கிளை மட்டும் பேரிங்குகளோடு மாட்டி இறுக்கி, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு சேரும் துளையில் தராசின் கொக்கியைக் கோத்து, நக்கிளிலிருந்து நீளும் கைக்குச் செங்குத்தாக நகரும்படி இழுக்க வேண்டும். 80 வரிசைக்கு 3 முதல் 6 கிலோ வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஷிம் தடிமனைக் குறைக்க வேண்டும். கூடினால் கூட்ட வேண்டும். தளர்வாக விட்டால் தார்ச்சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் கையை உதறிவிடும் அளவுக்கு ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்துக்கு டயரையும் ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டேம்பரையும் பழித்து, அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே இரண்டாவது வழியை எடுப்பவருக்கு என் பரிந்துரை: கிங்பின் பேரிங்கை விட்டுவிட்டு சீலை மட்டும் போடும் இடைவழியை எடுக்காதீர்கள். நக்கிளைக் கழற்றுவதற்கான உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? பேரிங் வாங்கும்போது மட்டும் பெட்டியை நம்ப வேண்டாம். நல்ல பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் போலி இருப்பது இந்தச் சந்தையில் புதிதல்ல. வளையத்தின் விளிம்பில் பொறித்திருக்கும் எழுத்து எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

சிவி ஜாயின்டை என்ன செய்வது என்பது இந்த வழிக்குள்ளேயே ஒரு கிளைத் தீர்மானம். அசல் ஜாயின்ட் ஒன்றின் விலை, அந்தப் பக்கத்துக்கு வேண்டிய சீல், பேரிங் எல்லாவற்றின் மொத்த விலையையும் தாண்டிவிடும் என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது. வட்டமடிக்கும்போது சத்தம் இல்லாதிருந்தால், மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, குண்டுகள் ஓடும் பள்ளங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் அப்படியே போடலாம். லேசாகச் சத்தம் இருந்தால், பழைய கைப்பழக்கம் ஒன்று இருக்கிறது. வெளி ஜாயின்ட் இரு பக்கத்துக்கும் ஒன்றேதான். தண்டுகளின் நீளம்தான் வேறு. வண்டி முன்னோக்கியே அதிகம் ஓடுவதால் ஒவ்வொரு பள்ளத்தின் ஒரு சுவர் மட்டுமே தேய்கிறது. இடத்து ஜாயின்டை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிவிட்டால் தேயாத சுவர் சுமையை ஏற்றுக்கொள்ளும். தண்டிலிருந்து ஜாயின்டைப் பிரிப்பதற்கு, நீளமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் நிறுத்தி, தண்டு குழாய்க்குள் இறங்கும்படி ஜாயின்டோடு தூக்கி ஓங்கிப் போடுவார்கள்; உள்ளே இருக்கும் வளையப் பூட்டு விட்டுக்கொடுத்துத் தண்டு கழன்றுவிடும். முதல் முறை பார்ப்பவருக்கு எதையோ உடைப்பதுபோல்தான் இருக்கும்.

பள்ளத்தில் குழி விழுந்திருந்தாலோ குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டில் விரிசல் தெரிந்தாலோ புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது பெயர் தெரியாத மலிவு ஜாயின்டை விட, தேயாத பழைய அசல் ஜாயின்டே மேல் என்பது என் கருத்து. குரோம்-மாலி எஃகில் செய்த விலையுயர்ந்த ஜாயின்டுகள், முன் டிஃபரன்ஷியலில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் பெரிய டயரும் போட்டுக்கொண்டு பாறையில் ஏறுகிறவர்களுக்கானவை. ஜாயின்ட் உடைவது பெரும்பாலும் சக்கரம் முழுதாக ஒடிந்திருக்க, டயர் பாறையைக் கவ்விக்கொண்டிருக்க, கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் தருணத்தில்தான். மணலில் டயர் வழுக்கிக்கொடுத்துவிடும் என்பதால், மணல் மட்டுமே ஓட்டுகிறவர் அந்தப் பணத்தை டயருக்குச் செலவிடலாம்.

மூன்றாவது வழி, ஷார்ஜாவின் பழைய உதிரிபாகச் சந்தையில் முழு முன் ஆக்சிலை வாங்கி அப்படியே மாற்றிவிடுவது. கேட்பதற்கு இதுதான் சுலபமாகத் தோன்றும். ஒரே நாளில் முடிந்துவிடும், அழுக்கு வேலை இல்லை என்பார்கள். நான் இதற்கு எதிரானவன் அல்லன். சப்கா உப்புத் தரையிலும் கடலோரத்திலும் ஓடிய வண்டிகளில் அந்த எஃகுக் கோளத்தின் பரப்பே துருப்பிடித்து, அம்மைத் தழும்பாகிவிடும். லேசான தழும்பை எப்பாக்ஸியால் நிரப்பி நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். வைப்பர் சீலின் உதடு ஓடும் இடத்தில் ஆழமான குழிகள் இருந்தால் எந்தச் சீலும் நிற்காது. அதுபோலவே ஆக்சில் குழாய் வளைந்திருந்தாலும், பேரிங்கின் வெளிவளையம் உட்காரும் இடம் தளர்ந்து விரலாலேயே சுற்றும்படி ஆகிவிட்டிருந்தாலும், மாற்று ஆக்சில்தான் அறிவுடைய செலவு.

ஆனால் வாங்கும் ஆக்சிலும் ஏறக்குறைய முப்பது ஆண்டு வயதுடையதுதான். ஏதோ ஒரு சந்தையில் வெயிலில் கிடந்த அதன் சீல்கள் நம்முடையதைவிட இறுகிப்போயிருக்கும். அதையும் மாட்டுவதற்கு முன் பிரித்துத்தான் கட்ட வேண்டும். அப்படியானால் இரண்டாவது வழியின் செலவு முழுவதும் இதன்மேல் கூடுதலாக வந்து உட்காருகிறது. பொருத்தப் பிரச்சினைகளும் உண்டு. முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் பற்களின் விகிதம் ஒன்றாக இருந்தாக வேண்டும். வேறாக இருந்தால், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகிக் கெடும். தயாரிப்பு ஆண்டைப் பொறுத்து பிரேக் அளவும், ஏபிஎஸ் சென்சார் இருப்பதும் இல்லாததும் மாறும். விற்பவர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். டிஃபரன்ஷியலின் உள்ளீட்டுத் தண்டைக் கையால் சுற்றி, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

எந்த வழியானாலும் காசு செலவாகாத ஒன்றைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது: ஆக்சிலின் காற்றுப்போக்கி. வண்டி ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடாகி, உள்ளே காற்று விரிகிறது. போக்கி மண் அடைத்துக் கிடந்தால் அந்த அழுத்தம் தப்பிக்க வழி தேடி, கியர் ஆயிலை உள் சீலைத் தாண்டி நக்கிளுக்குள் தள்ளுகிறது. சூடான ஆக்சிலோடு வாடியின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் இதற்கு நேர்மாறாக, உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு தண்ணீரை உறிஞ்சும். புதுச் சீல் போட்ட மறுமாதமே கசியும் வண்டிகளில் ஷிம்முக்கு அடுத்து நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

வீட்டிலேயே செய்வதா, பட்டறையில் விடுவதா என்பதும் பலர் கேட்பது. பெரிய தடை கருவிகள் அல்ல. ஹப் நட்டுக்கு 54 மி.மீ. சாக்கெட், வளையப் பூட்டுக் குறடு, பித்தளைக் கம்பி, முறுக்குத் திருகி (டார்க் ரெஞ்ச்), வில் தராசு ஆகியவை பட்டறைக் கூலியில் ஒரு பகுதிக்குள் கிடைத்துவிடும். நட்டுகளின் கீழ் இருக்கும் கூம்பு வாஷர்கள் ஸ்டட்டில் (நட்டு ஏறும் திருகுமுளையில்) இறுகிப்போய் வர மறுக்கும். நட்டைத் தளர்த்திவிட்டு, ஸ்டட்டின் தலையில் அடிக்காமல், அருகில் ஃபிளாஞ்ச் விளிம்பின் மேல் பித்தளைக் கம்பியை வைத்து ஓங்கித் தட்டினால் டக்கென்று எகிறிவரும். உண்மையான தடை நேரமும் இடமும்தான். முதல் முறை செய்பவருக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆகும். அதில் பாதி பழைய கிரீஸை வழித்துக் கழுவுவதற்கே போகும். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில், அதுவும் கோடையில், இதைச் செய்ய முடியாது. பட்டறையில் விடுவதென்றால் ஷிம்களைச் சீட்டுக் கட்டி வைக்கும்போது கூடவே இருங்கள். தராசு வைக்காமல் மூடவிட மாட்டேன் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் ஒரே ஒரு சொல். நக்கிளுக்குள்ளும் ஜாயின்டிலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, 2ஆம் எண் கெட்டித்தன்மையுள்ள லித்தியம் கிரீஸ். ஹப் பேரிங்குக்குச் சாதாரண லித்தியம் சக்கர கிரீஸ். வேறு அடிப்படையில் செய்த கிரீஸைப் பழையதன்மேல் அடைத்தால் இரண்டும் சேர்ந்து இளகிவிடக்கூடும். நக்கிளின் முக்கால் பங்கு நிரம்பினால் போதும். வழியும்வரை அடைத்தால் அது வைப்பர் சீலைத்தான் தள்ளும்.

என் வண்டியில் கடைசியாக நான் எடுத்தது இரண்டாவது வழி. ஜாயின்டுகளைப் பக்கம் மாற்றிப் போட்டேன். கோளத்தில் இருந்த இரண்டு சிறு குழிகளை எப்பாக்ஸியால் நிரப்பினேன். வலப்பக்கத்து மையத்தைச் சரிசெய்ய டொயோட்டாவின் கருவியை வைத்திருக்கும் ஒருவரின் உதவியை நாட வேண்டியிருந்தது. தராசு இடத்தில் நாலரையும் வலத்தில் ஐந்தும் காட்டியது. நக்கிளிலிருந்து நீளும் ஸ்டீயரிங் கையைப் பிடித்திருக்கும் நட்டுகளை 96 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இந்த வரிசையில் அந்த ஸ்டட்கள் தளர்வது பலரும் கண்ட நோய் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முறுக்குத் திருகியை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு நட்டுகள் கால் சுற்று ஏறின. அதன் பிறகு 1,000 கிலோமீட்டரில் பார்த்தபோது எதுவும் அசையவில்லை. அடைப்பானைத் திறந்து கம்பியை விட்டபோது கிரீஸ் கம்பியோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது.